ஓரமாப் போகச் சொல்றீங்க… ஓரம் எங்கே?

விருதுநகர்–சிவகாசி சாலையில் நடப்பவர்களுக்கும் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் ஒரு தனிப் பாதை போட்டால் அது எங்கே தொடங்க வேண்டும்? யாருக்காக?

"ஓரமாப் போ." நம்மூர்ச் சாலைகளில் இதைவிட அதிகமாகச் சொல்லப்படும் வாக்கியம் இருக்குமா என்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளையிடம் அம்மா சொல்கிறாள். சைக்கிளை எடுக்கும் தாத்தாவிடம் பேத்தி சொல்கிறாள். மினி பஸ் ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கொஞ்சம் காரம் சேர்த்துச் சொல்கிறார். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் சாலையில் சைக்கிள் மிதித்துப் படித்தவன் நான். இந்த வாக்கியத்தைக் கேட்டே வளர்ந்தேன். அந்த ஓரம் எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் காட்டியதில்லை.

சாலையில் நின்று பாருங்கள். தார் முடியப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைக்கோடு. கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தார். பிறகு ஒரு இறக்கம். சாலையை ஒவ்வொரு முறை உயர்த்திப் போடும்போதும் அந்த இறக்கம் இன்னும் கொஞ்சம் ஆழமாகும். கீழே கரிசல் மண். சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், ஐப்பசியில் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். அதற்கும் அப்பால் வேலிக்கருவை முள். நடுநடுவே மின்கம்பம், குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிச் சரியாக மூடாத பள்ளம், பட்டாசுக் கடையின் விளம்பரத் தட்டி. ஆக, நடப்பவருக்கு மிஞ்சுவது அந்த ஒரு சாண் தார். எதிரே ஒரு லாரி வந்து, பின்னால் ஒரு வேன் அதை முந்தினால் அந்தச் சாணும் இல்லை.

இந்தச் சாலையில் யார் நடக்கிறார்கள் என்று தெரிய விடியற்காலையில் வர வேண்டும். பட்டாசுத் தொழிலில் மருந்துக் கலவை வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். சூடும் உராய்வும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். அதனால் இந்த வட்டாரம் சீக்கிரம் எழுந்துவிடுகிறது. 'பயராபீஸ்' என்றும் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றும் ஊர்க்காரர்கள் சொல்லும் ஆலைகளுக்கு, தூக்குவாளியும் தண்ணீர் பாட்டிலுமாகப் பெண்கள் விலக்குகளை நோக்கி நடந்து வருவார்கள். விலக்கு என்றால் கிராமத்துச் சாலை பெரிய சாலையில் வந்து சேரும் முக்கு. சிலருக்கு அங்கே ஆலை வேன் வரும், சிலருக்கு ஷேர் ஆட்டோ. வேன் இல்லாத சின்ன ஆலைகளுக்கு நடைதான், இல்லையென்றால் சைக்கிள். வசதி இருந்தால் எக்ஸெல் வண்டி.

வெடிமருந்துச் சட்டப்படி பட்டாசு ஆலை ஊருக்குள் இருக்கக் கூடாது. ஒரு கொட்டகைக்கும் அடுத்த கொட்டகைக்கும் இடைவெளி வேண்டும், ஆலைக்கும் குடியிருப்புக்கும் தூரம் வேண்டும். அதனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களின் மானாவாரிக் காடுகளில் சிதறிக் கிடக்கின்றன. பாதுகாப்புக்காகச் சட்டம் வைத்த அந்தத் தூரத்தைத் தொழிலாளி தினமும் காலால் அளக்கிறார். ஆலைக்குள் அவருடைய பாதுகாப்புக்கு எத்தனையோ விதிகள் இருக்கின்றன. வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்துவிட்டால், அந்த ஒரு வெள்ளைக்கோடு.

பழைய கதை ஒன்றையும் நினைவுபடுத்த வேண்டும். சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் நிலை நாட்டின் கவனத்துக்கு வந்ததற்கு ஒரு சாலை விபத்தும் காரணம். 1976-இல் தீப்பெட்டி ஆலைக்குச் சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்ற பேருந்து விபத்துக்குள்ளாகிப் பலர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்துதான் அந்த நிலையை விசாரிக்க ஹர்பன்ஸ் சிங் குழு வந்தது. பின்னாளில் குழந்தைத் தொழிலை எதிர்த்து எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிள்ளைகளை ஆலையிலிருந்து மீட்டுப் பள்ளிக்கு அனுப்பியது இந்த மாவட்டம் பெருமைப்படத்தக்க வேலை. அந்தப் பள்ளிக்குப் போகும் வழியைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

குட்டி ஜப்பானுக்கு ஜப்பான் யோசனை

நடப்பதற்கென்று ஒரு பாதை வேண்டும் என்று தமிழக அரசு யோசிக்காமல் இல்லை. 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டம் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் தலா 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதை. டோக்கியோ போயிருந்த அப்போதைய மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா.சுப்பிரமணியன் அங்கே பார்த்த 8 கிலோமீட்டர் நடைபாதைதான் இதற்கு முன்மாதிரி. எட்டு கிலோமீட்டர் நடந்தால் ஏறக்குறைய பத்தாயிரம் காலடி ஆகும் என்பது கணக்கு. வழியில் மரம், உட்கார இருக்கை, குடிநீர், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாம்.

நல்ல திட்டம். கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாத வீடு நம் ஊரில் எத்தனை? ஆனால் 'குட்டி ஜப்பான்' என்று பெயர் வாங்கிய சிவகாசிக்கு ஜப்பானிலிருந்து நடைபாதை யோசனை வந்து சேர்ந்தபோது ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. இங்கே எட்டு கிலோமீட்டர் நடப்பவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். போக நான்கு, வர நான்கு. அதை அவர்கள் நடைப்பயிற்சி என்று சொல்வதில்லை. 'வேலைக்குப் போறேன்' என்கிறார்கள். அவர்களிடம் பத்தாயிரம் காலடியை எண்ணிச் சொல்லும் கைக்கடிகாரமும் கிடையாது.

நடைப்பயிற்சிக்குப் பாதை தேர்ந்தெடுக்கிறவர்கள் நல்ல தார்ச்சாலை, மரநிழல், போக்குவரத்துக் குறைந்த தெரு என்றுதான் பார்ப்பார்கள். நியாயம்தான். பாதை மிக அவசரமாகத் தேவைப்படும் இடமோ இதற்கு நேர் எதிராக இருக்கும். நிழல் இருக்காது, லாரி நெரிசல் இருக்கும், ஓரம் இருக்காது. இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: மக்கள் எங்கே நடந்தால் நன்றாக இருக்கும் என்று யோசித்துக் கோடு போடாதீர்கள். எங்கே நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மாட்டு வண்டிக்கு எட்டு, மனிதருக்கு?

சாலையை அகலப்படுத்தலாமா வேண்டாமா என்பதை நெடுஞ்சாலைத் துறை சும்மா முடிவு செய்வதில்லை. போக்குவரத்துக் கணக்கெடுப்பு நடக்கும். சாலையோரம் நாற்காலி போட்டு இளைஞர்கள் உட்கார்ந்து தாளில் கோடு கிழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது கேமராவும் வந்துவிட்டது. அப்படி எண்ணிய வண்டிகளைக் 'கார் அளவு' என்ற ஒரே அலகுக்கு மாற்றுவார்கள். கிராமப்புறச் சாலைகளுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-இல் வகுத்த நெறிமுறைப்படி ஒரு கார் என்றால் ஒன்று. பஸ்ஸும் லாரியும் மூன்று. மாட்டு வண்டி எட்டு. சைக்கிள் அரை.

நடந்து போகிறவருக்கு அந்தப் பட்டியலில் எண்ணே இல்லை.

இதில் சதி எதுவும் கிடையாது. தாருக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்று பார்க்கும் கணக்கு அது. தாரில் இடம் அடைப்பது வண்டிதானே. ஆனால் விளைவை யோசியுங்கள். இந்தச் சாலையிலுள்ள ஆமத்தூர் பக்கத்தில் நூறு பெண்கள் சாலையோரம் நடந்து போனாலும் கணக்குத் தாளில் அந்தச் சாலை வெறிச்சோடிக் கிடக்கும். இரண்டு லாரி போனால் ஆறு என்று பதிவாகும். அந்த ஆறுக்காகச் சாலை அகலமாகும். அகலமானால் வேகம் கூடும். நூறு பேர் இன்னும் கொஞ்சம் முள்ளுக்குள் ஒதுங்குவார்கள்.

பிணவறைக் கணக்கில் மட்டும் நடப்பவர்கள் தவறாமல் இடம்பெறுகிறார்கள். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள், ஐந்தில் ஒருவர். அதே ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர்.

காமராஜர் அளந்த மைல்

விருதுநகரில் தூரத்தைப் பிள்ளைகளின் காலால் அளந்த ஒருவர் பிறந்திருக்கிறார். காமராஜர் ஆட்சியில் பள்ளிகள் திறந்தபோது வைத்த கணக்கு மைல் கணக்கு. ஒரு மைலுக்குள் ஒரு தொடக்கப்பள்ளி, ஐந்து மைலுக்குள் ஓர் உயர்நிலைப்பள்ளி. ஒரு பிள்ளை பசிக்காமல், களைக்காமல் எவ்வளவு தூரம் நடக்கும் என்ற கேள்வி அந்தக் கணக்குக்குள் இருக்கிறது. பசிக்கு மதிய உணவு வந்தது. தூரத்துக்கு மைல் கணக்கு வந்தது. அன்று அந்த ஒரு மைலில் மாட்டு வண்டியும் எப்போதாவது ஒரு பஸ்ஸும்தான் போயின. இன்று அதே மைலில் என்ன போகிறது என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு சைக்கிள் வந்தது. 2001–02-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் 2005–06-இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மாணவ மாணவியர் எல்லோருக்குமாக விரிந்தது. இன்றும் பிளஸ் ஒன் சேர்ந்தால் சைக்கிள் உண்டு. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சைக்கிள் கொடுக்கும் ஓர் அரசு, அவை போவதற்கு ஒரு கிலோமீட்டர் பாதையையும் கூடவே கொடுக்கலாமே என்று யோசிக்காதது எனக்குப் புரியாத புதிர். கொடுத்த சைக்கிள் வீணாகிறதா என்றால், அதுவும் இல்லை. மகள் கல்லூரி பஸ்ஸில் போக ஆரம்பித்ததும் அரசு முத்திரை போட்ட அந்த சைக்கிளில் அப்பா அச்சகத்துக்குப் போகிறார், அம்மா ஆலைக்குப் போகிறாள். திட்டம் தீட்டியவர்கள் எதிர்பார்த்ததைவிட அது அதிகமாகவே உழைக்கிறது.

பெண்களும் சைக்கிளும் என்றால் தமிழ்நாட்டில் புதுக்கோட்டையைச் சொல்லாமல் முடியாது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். தண்ணீர் எடுக்கவும், விளைந்ததை விற்கவும், இன்னொரு ஊருக்குத் தனியாகப் போகவும் அது உதவியது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2021 மே மாதம் வந்த மகளிர் கட்டணமில்லாப் பேருந்தும் அதே போல் ஒரு கதவைத் திறந்தது. ஆனால் பஸ் விலக்கில்தான் நிற்கும். ஊரிலிருந்து விலக்குக்கு நடை. கார்த்திகை, மார்கழியில் மாலை ஆறரைக்கெல்லாம் கும்மிருட்டு. டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம், டார்ச்சுக்கு வேண்டும்.

சாமிக்கு உண்டு

நெடுஞ்சாலை ஓரத்தில் நடப்பவர்களுக்குத் தனிப் பாதை போடுவது நம்மால் ஆகாத காரியமா என்ன? திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் போய்ப் பாருங்கள். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் நடந்து போகும் பக்தர்களுக்கென்று சாலையோரத்தில் தனியாக நடைபாதை போட்டிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். முள் படர்ந்த இடம் உண்டு, கல் பெயர்ந்த இடம் உண்டு, கடைக்காரர் பந்தல் போட்ட இடமும் உண்டு. ஆனாலும் பாதை இருக்கிறது. இங்கே நிலம் எடுக்க முடியாது, அகலம் போதாது, விதி இடம் கொடுக்காது என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கு ஒரு சாட்சி இருக்கிறது.

நம் மாவட்டத்திலும் பாதயாத்திரைக்குக் குறைவில்லை. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலை நோக்கி எல்லாத் திசையிலிருந்தும் சாலைகள் மஞ்சளும் சிவப்புமாக நகரும். இரவெல்லாம் நடப்பார்கள். இருட்டில் வண்டிக்காரர் கண்ணில் படட்டும் என்று முதுகிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பும் வழக்கம் இருக்கிறது. அது உயிர் காக்கும் வேலைதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஆண்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை நடப்பவர் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் இருக்கிறது. வாரத்துக்கு ஆறு நாள் நடப்பவர் முதுகில் அலுமினியத் தூளின் மினுமினுப்பு மட்டும்தான்.

கரிசலின் குணம்

சரி, பாதை போடுவோம். எப்படி? இங்கேதான் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வரைந்த படத்தைக் கொண்டுவந்து விரித்தால் வேலைக்காகாது.

முதல் பிரச்சினை மண். கரிசல் தண்ணீர் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். சம்சாரிக்கு அது வரம். ஒரு மழை ஈரத்தைப் பிடித்து வைத்துப் பருத்தியும் கம்பும் கொடுக்கும். கட்டுமானத்துக்கு அது எமன். இந்த மண்ணின் மேல் கொஞ்சம் மணலைக் கொட்டி பேவர் பிளாக் பதித்தால் அடுத்த தைக்குள் பாதை அலை அலையாகிவிடும். மூன்றாவது ஆண்டு கல் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து, நடப்பவர் மறுபடி தாருக்கே வந்துவிடுவார். பிறகு 'நடைபாதை போட்டோம், மக்கள் பயன்படுத்தவில்லை' என்று கோப்பில் எழுதுவார்கள். மேல்மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, சரளை அடுக்கடுக்காகப் போட்டு உருளை ஓட்டி, இரு கரையிலும் சிமென்ட் கட்டி, தண்ணீர் வெளியேற வாட்டம் வைத்த பிறகுதான் மேல்தளம் போட வேண்டும். மதிப்பீட்டில் இந்த அடித்தளத்துக்கான தொகையைக் குறைத்து அழகுக் கல்லுக்குக் கூட்டியிருந்தால், அந்தப் பாதை திறப்பு விழாவுக்காகப் போட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று, சைக்கிளுக்குப் பேவர் பிளாக் ஒத்துவராது. ஒவ்வொரு இணைப்பிலும் தடக் தடக்கென்று இடுப்பு வரை அடிக்கும். கேரியரில் பார்சல் கட்டியவரையும் முன் கம்பியில் பிள்ளையை உட்காரவைத்தவரையும் கேட்டால் சொல்வார்கள். சைக்கிளுக்கு வழவழப்பான சிமென்ட் தளம் அல்லது தார்.

அகலத்துக்கும் அளவு இருக்கிறது. நடைபாதை என்றால் தடங்கல் இல்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம், தலைக்கு மேல் 2.2 மீட்டர் உயரம் வரை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, சாலையிலிருந்து 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012-ஆம் ஆண்டு நெறிமுறை. சைக்கிள் தடத்துக்குக் குறைந்தது 2 மீட்டர். ஊருக்குள் இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும். ஊர் தாண்டிய பிறகு மூன்று மீட்டரில் ஒரே பொதுப்பாதை போதும் என்பது என் அபிப்பிராயம். சாலையோடு ஒட்டி வேண்டாம், மரவரிசைக்கு அந்தப் பக்கம் போகட்டும். பழைய சாலைகளில் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து எண் எழுதிய புளியமரங்கள் இன்னும் மிச்சமிருக்கும் இடங்களில், அந்த மரமே நடப்பவருக்குக் காவல். அதை வெட்டிவிட்டுப் பாதை போட்டால், போடாமலே இருக்கலாம்.

நிழல் இல்லாத பாதைக்கு இந்த மாவட்டத்தில் ஆயுசு கிடையாது. வேலை விட்டு நான்கு, ஐந்து மணிக்குத் திரும்பும்போது வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். சிவகாசியிலிருந்து வடகிழக்கே விருதுநகருக்கு வருகிற சாலையில், பாதைக்கு மேற்குப் பக்கம் வேம்பும் புங்கையும் நட்டால் மாலை நிழல் நடப்பவர்மேல் விழும். கிழக்குப் பக்கம் நட்டால் காட்டுக்குத்தான் நிழல். இது பொறியியல் கல்லூரியில் படிக்க வேண்டிய விஷயம் இல்லை, ஆடு மேய்க்கிறவரைக் கேட்டாலே போதும். சிங்கப்பூரிலும் இதே வெப்பம்தான். 2013-இல் அவர்கள் தொடங்கிய திட்டத்தில் மெட்ரோ நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் தூரத்துக்குள் பள்ளிக்கும் வீட்டுக்கும் போகும் நடைபாதைகளுக்குக் கூரையே போட்டார்கள். நமக்குக் கூரை வேண்டாம். வேம்பு போதும், தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால்.

தீபாவளி மாதத்தில் என்ன ஆகும்?

சிவகாசிக்குள் நுழையும் சாலைகளில் இருபுறமும் பட்டாசுக் கடைகள். ஆவணி பிறந்துவிட்டால் வெளியூர்க் கார்கள் வரிசை கட்டும். காரை எங்கே நிறுத்துவார்கள்? நீங்கள் புதிதாகப் போட்ட, வழவழப்பான, மூன்று மீட்டர் பாதையில்தான். வருடத்தில் மற்ற மாதங்களில் எந்தக் காரும் தொடாத பாதை, ஆலைகளில் வேலை உச்சத்தில் இருக்கும், அதனால் அதிகம் பேர் நடக்கும் இரண்டு மாதங்களில் கார் நிறுத்துமிடமாகிவிடும். கல்தூண்களை நட்டு வைத்தால் கார் ஏறாது. ஆனால் தூண்களுக்கு இடையே சைக்கிளும் சக்கர நாற்காலியும் நுழைய வேண்டும், எக்ஸெல் நுழையக் கூடாது. எக்ஸெல்லை எந்தத் தூணும் தடுத்ததாக வரலாறு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கடைக்காரர்களை எதிரியாக்கி எந்த நடைபாதையும் நிலைத்ததில்லை. ஒவ்வொரு கடை வாசலிலும் பாதையை இறக்கி ஏற்றினால் நூறு மீட்டருக்குள் பத்துத் தடவை ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வலிக்காரர் சாலைக்கு இறங்கிவிடுவார். பாதை சமமாகவே போக, கார்தான் ஏறி இறங்க வேண்டும். வண்டி நிறுத்த உள்ளே தள்ளி இடம் விட்ட கடைக்கு மட்டுமே உரிமம் என்று பட்டாசுக் கடைகளுக்குச் சொல்ல முடியாதா? அந்தத் தொழில் உரிமத்துக்குப் புதிது இல்லை. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று பிரித்துப் பேசிப் பழகிய ஊர் இது.

சென்னை தி.நகர் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தி 2019 நவம்பரில் திறந்தபோதும் வியாபாரம் போய்விடும் என்ற பயம் இருந்தது. கடைகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 2014-இல், போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பதற்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவதென்று சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது. கொள்கை காகிதத்தில் எவ்வளவு, தெருவில் எவ்வளவு என்பதைச் சென்னைக்காரர்கள் சொல்லட்டும். 2021-இல் திருத்தங்கலையும் சேர்த்து மாநகராட்சியாக உயர்ந்த சிவகாசி, அப்படி ஒரு தீர்மானத்தையாவது போடலாம்.

எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் எட்டாவாவிலிருந்து ஆக்ரா வரை 207 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் நெடுஞ்சாலை 2016-இல் திறக்கப்பட்டது. ஆசியாவிலேயே முதல் என்று சொன்னார்கள். சிங்கச் சரணாலயத்திலிருந்து தாஜ்மகால் பக்கம் சுற்றுலாப் பயணிகள் மிதித்து வருவார்கள் என்ற கனவு அதில் இருந்தது. சில ஆண்டுகளில் பல இடங்களில் அது சிதைந்து, சாணி காயப்போடவும் மாடு கட்டவும் ஆகிப்போனதாகச் செய்திகள் வந்தன. 207 கிலோமீட்டரை ஒரே மூச்சில் மிதிக்கிறவர் எத்தனை பேர்? நாலு கிலோமீட்டர் மிதிக்கிறவர்தான் அதிகம்.

ஐந்து கிலோமீட்டர் போதும்

ஆகவே விருதுநகரிலிருந்து சிவகாசி வரை ஒரே மூச்சில் பாதை போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. திருத்தங்கலிலிருந்து சிவகாசி வரை முதலில் போடுங்கள். ஐந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அச்சகம், தீப்பெட்டி, பட்டாசு என்று மூன்று தொழிலுக்கும் ஆள் போகும் சாலை. எஸ்.எஃப்.ஆர். மகளிர் கல்லூரி இந்தச் சாலையில்தான் இருக்கிறது. முழுவதும் ஒரே மாநகராட்சி எல்லை என்பதால் நெடுஞ்சாலைத் துறையும் மாநகராட்சியும் உட்கார்ந்து பேசினால் பாதி வேலை முடிந்தது. அடுத்து ஆமத்தூரைச் சுற்றி இரண்டு பக்கமும் இரண்டு, மூன்று கிலோமீட்டர். விருதுநகர்ப் பக்கம் ஊரிலிருந்து ஆட்சியர் அலுவலகம் வரை. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கையில் மனுவோடு நான்குவழிச்சாலை ஓரத்தில் நடந்து போகிறவர்களின் முதல் குறை அந்த நடைதான், மனுவில் எழுதியிருக்காவிட்டாலும். சாத்தூர் பக்கம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது. அதற்கான சாலைகள் இன்னும் வரைபடத்தில் இருக்கும்போதே ஓரத்தையும் சேர்த்து வரைந்துவிட்டால், பிற்பாடு யாரையும் இடிக்க வேண்டியதில்லை.

எங்கே அவசரம் என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வும் வேண்டாம். 2021-இலிருந்து சாலை விபத்துகளை இடத்தோடு பதிவு செய்ய 'ஐராட்' என்ற செயலி காவல் நிலையங்களில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கியது. நடந்தவரும் சைக்கிள்காரரும் அடிபட்ட இடங்களை மட்டும் அதில் பிரித்து எடுத்து வரைபடத்தில் புள்ளி வைத்தால், பாதை எங்கே வேண்டும் என்று அந்தப் புள்ளிகளே சொல்லிவிடும். கூடவே ஒரு தலை எண்ணிக்கை. காலை ஐந்து முதல் எட்டு, மாலை நான்கு முதல் ஏழு. தீபாவளிக்கு முன் ஒரு வாரம், பின் ஒரு வாரம். வண்டியை விட்டுவிட்டு மனிதரை மட்டும் எண்ண வேண்டும். ஆண் எத்தனை, பெண் எத்தனை, பிள்ளைகள் எத்தனை. இதற்குக் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் போதும்.

இவையெல்லாம் தயவு தாட்சணியத்துக்குக் கேட்பதும் இல்லை. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன், விபத்தில் நொறுங்கி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனுப் போட்டார். அந்த வழக்கில் 2025 மே 14 அன்று நீதிபதிகள் அபய் எஸ்.ஓகாவும் உஜ்ஜல் புயானும், பாதசாரிகளுக்கு நடைபாதை என்பது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லிவிட்டார்கள். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், ஆக்கிரமிப்பு இருக்கக் கூடாது, மாநிலங்கள் வழிகாட்டு நெறிமுறை வகுக்க வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் இருக்கிறது. சட்டப்படி, ஓரம் இனி நம் உரிமை.

இந்தச் சாலைக்கு அடுத்த மதிப்பீடு போடப்போகும் பொறியாளருக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து பகல் பதினோரு மணிக்கு ஜீப்பில் வராதீர்கள். அந்நேரம் சாலை காலியாகத்தான் இருக்கும். ஒரு நாள் விடியற்காலை ஐந்தரைக்கு ஏதாவதொரு விலக்கில் இறங்கிக்கொள்ளுங்கள். ஜீப்பை அனுப்பிவிடுங்கள். தூக்குவாளியோடு வருகிற அக்காமார் பின்னாலேயே ஆலை வாசல் வரை நடந்து வாருங்கள். அளவு நாடா தேவைப்படாது. பின்னால் வரும் வேன்காரர் உங்களைப் பார்த்தும் "ஓரமாப் போங்க சார்" என்பார். அப்போது நீங்கள் எந்த இடத்தில் ஒதுங்கி நிற்கிறீர்களோ, அந்த இடத்தில் முதல் கல்லை நடுங்கள்.